ஐம்பது இலை

அன்று பந்தியில் இருந்தவர்கள்: பெண்ணைப் பெற்ற தொட்டியம் வீரமலை, அவர் தங்கை காளியாயி, மணப்பெண் ரெங்கம்மாள், மருங்காபுரியிலிருந்து வந்த சம்பந்தி பிச்சமுத்து, அவர் மகன் மாப்பிள்ளை சின்னக்காளை. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் இருபத்தைந்து பேர். பெண் வீட்டார் இருபது பேர்.

ஆக ஐம்பது. அதற்கு மேல் ஒருவருக்கும் சோறு போடக் கூடாது என்பது யுத்தகால உத்தரவு.

பந்தல் ஓரத்தில் நாற்காலி போட்டு, பெயர்ப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஒவ்வொரு பந்திக்கும் இப்படித்தான்.

தொட்டியத்தில் கல்யாணம் வைத்தால் ஊரே வரும். வந்தவரைப் போ என்று சொல்ல வீரமலைக்கு வாய் வராது. அதனால்தான் ஸ்ரீரங்கத்தில், காவிரிக் கரையில், ஒரு சினேகிதரின் தோட்டத்து பங்களாவை மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார்.

முதல் நாளே பங்காளி ஒருவர் காதைக் கடித்தார். வாழைத் தோப்புக்குப் பின்னால் நூறு இலை போட்டால் யாருக்குத் தெரியும்?

"என் வீட்டுச் சோத்த ஒருத்தரும் ஒளிஞ்சு தின்னக் கூடாது" என்றார் வீரமலை. பேச்சு அதோடு முடிந்தது.

ஞாயிறு காலை முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. இது கடைசிப் பந்தி. சம்பந்திகள் இருவரும் வரிசையின் தலைப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சோறு விழுந்துவிட்டது. அவர்கள் இருவரும் ஒன்றாகக் கை வைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிட ஆரம்பிக்கலாம்.

அப்போதுதான் காளியாயி படித்துறையைப் பார்த்தாள்.

பரிசலிலிருந்து இறங்கி, நனைந்த கொசுவத்தைப் பிழிந்தபடி ஒருத்தி படியேறி வந்தாள்.

வள்ளிக்கண்ணு. வீரமலையின் மூத்த மகள்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் புத்தூர்க் கம்பவுண்டர் ஒருவனோடு சொல்லாமல் போனவள். வேறு சாதிக்காரன். அன்றைக்கே வீரமலை காவிரியில் இறங்கி மகளைத் தலைமுழுகிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

பெண் பார்க்க வந்த பிச்சமுத்து, மூத்தவள் ஒருத்தி உண்டாமே என்று கேட்டபோது பதில் சொன்னவள் காளியாயிதான். அம்மை போட்டுச் செத்துப்போனாள் என்றாள். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

செத்தவள் இப்போது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காளியாயி ஓடிப்போய் மறித்தாள். "எங்கடி வந்த? தாலி ஏறி முழுசா அரை நாள் ஆகல. அவ பொழப்பையும் சேத்துக் கெடுக்கணுமா?"

"சாப்பிட வரல அத்தை. தங்கச்சியக் கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

உதடு காய்ந்து வெடித்திருந்தது. எப்போது சாப்பிட்டாளோ.

"யாருங்க அந்தம்மா? லிஸ்டுல இருக்காங்களா?" இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார்.

பந்தியே திரும்பிப் பார்த்தது.

வீரமலை எழுந்தார். சோற்றில் அவர் இன்னும் கை வைக்கவில்லை.

சம்பந்தியை இலை முன்னால் உட்காரவைத்துவிட்டு, பெண்ணைப் பெற்றவர் பாதியில் எழுந்து போவதா? இதைவிடக் கன்னத்தில் அறையலாம்.

அவர் மகள் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய்க் குனிந்தார். காளியாயிக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. இவளை வெளியே அனுப்பச் சொல்கிறார் என்று நினைத்தாள். பிறகு அவர் நிமிர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படித்துறையில் இறங்கினார். கடைசிப் படியில் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பட்டியலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"வள்ளிக்கண்ணு, மூத்த மகள். கணக்கு சரியாத்தான் இருக்கு. உக்காரச் சொல்லுங்கம்மா."

மூத்த மகள். அந்த இரண்டு வார்த்தையும் பந்தி முழுக்கக் கேட்டது.

பிச்சமுத்து காளியாயியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். இதோ, மகனை எழுப்பிக்கொண்டு போகப் போகிறார். மருங்காபுரி வண்டிகள் தோட்ட வாசலில்தான் நிற்கின்றன. எதிர் வரிசையில் மணமாலையோடு ரெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிச்சமுத்து தன் பக்கத்து இலையைத் தட்டினார்.

"எங்க ஊருல செத்தவங்களுக்குத்தான் மொத இலை. வந்து உக்காரும்மா, சோறு ஆறுது."

ஆண்கள் வரிசையில், சம்பந்திக்குப் பக்கத்தில், அப்பாவின் இலையில் வள்ளிக்கண்ணு சாப்பிட்டாள். மோர்ச்சோறு வரைக்கும் சாப்பிட்டாள். ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை.

படித்துறையில் இருந்தவரும் திரும்பவில்லை.

ஓடிப்போன மகளைக் கண்ட கோபத்தில் வீரமலை பந்தியை விட்டு எழுந்துபோனார் என்றும், இன்ஸ்பெக்டர்தான் மனம் இரங்கி அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார் என்றும் தொட்டியத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இரண்டும் தவறு. பட்டியலில் முதல் பெயர், பெண்ணைப் பெற்றவரின் பெயர், அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததும் வீரமலை, அதன் கீழே மகள் பெயரை எழுதியதும் வீரமலை. அந்தத் தோட்டத்தில் ஐம்பத்தோராவது இலை போடப்படவில்லை.