விசேஷம்

பேச்சைத் தொடங்குவதற்கு முன் வளர்மதி கதவைச் சாத்தினாள்.

ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து மோகனா சிரித்தபடி உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார்கிறாள்.

“உன்னைத் தாளவாடிக்கு மாத்தியிருக்காங்க கண்ணு. ஒண்ணாந்தேதியிலிருந்து.”

சிரிப்பு உடனே போகவில்லை. கேட்டது முகத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கோபிச்செட்டிபாளையத்தில் வண்டிக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியின் கிளை அது. வளர்மதி கிளை மேலாளர். மோகனா கவுண்டரில் இருப்பவள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். இது ஆறாம் மாதம்.

தாளவாடிக்கு சத்தியமங்கலம் போய், பஸ் மாறி, திம்பம் மலையின் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். சும்மா இருப்பவர்களுக்கே பாதி மலையில் வாந்தி வரும்.

“அங்க ஆள் இல்லையாம்,” என்றாள் வளர்மதி.

மேலிடத்தில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

மோகனா மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நான் மாசமா இருக்கறது அவங்களுக்குத் தெரியுமுங்களா அக்கா?”

தெரியும்.

சொன்னதே வளர்மதிதான். போன மாதம் ஈரோட்டில் நடந்த கூட்டத்தில், சாப்பாட்டு வேளையில் மண்டல மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார். பேச்சில்லாமல் நிற்கக் கூச்சமாக இருந்தது. “எங்க பிராஞ்ச்ல ஒரு விசேஷம் சார்,” என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அவரும் “அடடே” என்றார்.

நேற்று போன் செய்ததும் அவர்தான்.

“லீவும் குடுத்து, உக்கார வச்சுச் சம்பளமும் குடுக்கணும். நமக்கெதுக்கும்மா அது? தாளவாடின்னு சொல்லிப் பாருங்க. அவங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்க சொன்னா அந்தப் பொண்ணு தகராறு பண்ணாது.”

“சரிங்க சார்” என்றுதான் வளர்மதிக்கு வாயில் வந்தது.

இப்போது மோகனா பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“தெரியாது கண்ணு.”

மோகனாவின் முகம் தெளிந்தது.

அதை வளர்மதி எதிர்பார்க்கவில்லை.

“அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க்கா. தெரிஞ்சா மாத்த மாட்டாங்க. அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானுங்களே.”

“சொல்றேன்.”

அன்று முழுக்க அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மோகனா பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்மதி போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வேலை செய்துகொண்டிருந்த மோகனாவின் கை நின்றது.

வளர்மதி பேசியதெல்லாம் வேறு யாரிடமோ.

மறுநாள் காலை, மோகனா கேட்பதற்குள் வளர்மதியே முந்திக்கொண்டாள்.

“சொல்லிப் பாத்துட்டேன்.”

“பரவாயில்லைங்க்கா. நீங்க என்ன பண்ணுவீங்க.”

எழுதிக் கொடுத்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மோகனா தாளவாடிக்குப் போனாள்.

முன்சீட்டு கிடைக்க வேண்டுமென்று தினமும் விடியும்போதே சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலித்தீன் பை. ஏற ஏறக் கண்ணை மூடிக்கொள்வாள் என்று கண்டக்டர் ஒருவர் சொல்லி வளர்மதிக்குத் தெரிந்தது. கால் வீங்கியது. செருப்பை மாற்றினாள். ஒருநாள் மலை இறங்கி வந்தவளுக்கு ரத்தம் பட்டது. டாக்டர் திட்டினார். படுத்தே இருக்கச் சொன்னார்.

லீவு கேட்டாள். அங்கே ஆள் இல்லை, தர முடியாது என்றார்கள்.

எழுதிக் கொடுத்தாள்.

“பாத்தீங்களா, சத்தமில்லாம முடிஞ்சுது,” என்றார் மண்டல மேலாளர்.

குழந்தை பிறந்ததும் மோகனா வளர்மதிக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். மூடிய கைகள். தலை நிறைய முடி.

‘பொண்ணுங்க்கா. நல்லா இருக்கா. அன்னைக்கு எனக்காகப் பேசுனீங்க, அத மறக்க மாட்டேன். ஒருநாள் வந்து பாருங்க.’

வளர்மதி என்னவோ எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். கடைசியில் ஒரு பூங்கொத்துப் படத்தை அனுப்பினாள்.

போகவில்லை.

கோபி கவுண்டரில் மோகனா இருந்த இடத்துக்கு ஆள் எடுக்கச் சொன்னார்கள். “இந்தத் தடவை கல்யாணம் ஆகாத பொண்ணா பாருங்க. நீங்களே கேட்டுருங்க.”

வந்த பெண்ணின் பெயர் ரம்யஸ்ரீ. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். துப்பட்டாவைக் கழுத்து ஒட்டப் பின் குத்தியிருந்தாள். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். இந்த வேலை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்பதை மறைக்கவும் தெரியவில்லை.

“கல்யாணம் ஆயிடுச்சாம்மா?”

“இல்லைங்க மேடம்.”

கேள்வி முடிவதற்குள் வந்த பதில். வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

வளர்மதி தலை குனிந்தாள். பார்வை மேசைக்கடியில் தெரிந்த அந்தப் பெண்ணின் பாதத்தில் போய் நின்றது.

இரண்டாம் விரலில், மெட்டி கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

ரம்யஸ்ரீ அதைக் கவனித்துவிட்டாள். ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்துக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள்.



“திங்கக்கிழமை வந்திரும்மா,” என்றாள் வளர்மதி.

அந்தப் பெண் நம்பாமல் எழுந்தாள். கதவு வரைக்கும் போய்விட்டாள்.

“ஷூ போட்டுட்டு வா.”