நைட்டி போட்ட பேய்

பதினெட்டு வருடமாக வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாகப் பேய் வேஷம் கட்டிய வடிவிடம் புதுப் பட டைரக்டர் சொன்னான்: "வெள்ளைச் சேலையப் பார்த்தா இப்ப விசில்தான் அடிக்கிறாங்கக்கா. வீட்டு நைட்டியிலயே வாங்க, தோள்ல ஒரு துண்டு போதும்." பவுடர்கூடப் பூசவில்லை. அடுப்படி வாசலில் நின்று, "சாப்பிட வா கண்ணு, நான் அம்மாதானே" என்று சிரித்தபடி கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் பேய். படம் வெளியான அன்று தியேட்டரே அலறியது. வடிவுக்கு உச்சி குளிர்ந்தது. பக்கத்து இருக்கையில் அவள் மகள் தேன்மொழி மட்டும் அலறாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை வடிவு இட்லித் தட்டோடு அடுப்படியிலிருந்து கூப்பிட்டதும் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

"அது நடிப்புடி. நான் அம்மாதானே?"

"படத்துலயும் அப்படித்தான் சொல்லிச்சு."

வடிவு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"கிட்ட வராத! முதல்ல நீ சாப்பிடு. பேய்க்குத் தொண்டையில எதுவும் இறங்காது."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் படத்தில் சிரித்தது போலவே இருக்குமே என்று சட்டென அடக்கிக்கொண்டாள். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். மகளின் கண் அவள் தொண்டையை விட்டு அசையவில்லை. விழுங்க வேண்டியதுதான் பாக்கி. வடிவுக்கு வாயெல்லாம் வறண்டு போயிருந்தது.