படியில் மடங்கிய நிழல்

“யோவ், உன் பொண்டாட்டி காத்துல மிதக்கறாய்யா!” என்று போனில் கத்தினார் மேலாளர். “வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம். நிழல் படியில மடங்கி ஏற வேணாமா? நாளைக்கு இதைக் காட்டினா காறித் துப்புவாங்க!”

அவர் சொன்னது மனைவியை அல்ல, மனைவியின் உருவத்தை. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் வெறும் வாசலில் ஆள் நிற்பதுபோல் காட்டும் கம்ப்யூட்டர் வித்தை அது. அதற்கு நிழல் போடுவதுதான் அவன் பிழைப்பு. சோதனைக்கு, தனக்குப் பிடித்த நீலப் புடவையில் அவளையே படம் பிடித்து வைத்திருந்தான்.

நிஜமானவள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. தன் அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காதவனோடு என்ன குடித்தனம் என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் இல்லாத வீடு அவனைத் தின்றுகொண்டிருந்தது. நாளைக்கு எப்படியாவது பேசி அழைத்து வந்துவிட வேண்டும்.

நிழலின் கணக்கை மாற்றிப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமையில்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தான்.

அடேயப்பா! நீலப் புடவையில் அவள் நின்றாள். நிழல் அவள் காலடியில் தொடங்கித் தரையில் ஓடி, படியில் மடங்கி ஏறியது. மேகம் மறைத்தபோது மங்கி, வெயில் வந்ததும் மறுபடி கறுத்தது.

“கலக்கிட்டடா ராஜா!” என்று தன்னையே மெச்சிக்கொண்டான். மெச்சிய கையோடு நாளைய பேச்சையும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

“ஆபீஸ் வேலையா வெளியூர்ல மாட்டிக்கிட்டேம்மா. சத்தியமா லீவு தரல.” தலையை ஆட்டிக்கொண்டான். “ம்ஹூம், சத்தியம் வேணாம். ஃப்ரெண்ட்ஸோட கடலுக்குக் குளிக்கப் போனது தெரிஞ்சா தொலைஞ்சேன்.”

தொண்டையைச் செருமினான். “உங்கப்பா எனக்கும் அப்பாதானே? ஆங், இந்த இடத்துல கண்ணு கலங்கணும். கலங்கினா உடனே நம்பிடுவா, பாவம்.”

கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. உருவம் தயார்.

வாசலில் இன்னொரு நீலப் புடவை வந்து நின்றது. அதன் நிழல்தான் கோணலாக மிதந்தது.

இதுவரை நிழலையே பார்த்திருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். முதலில் நின்றவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“கண்ணாடியக் கழட்டுங்க. இப்ப கலங்குங்க, பார்க்கலாம்.”