பத்து நிமிடம் பின்னால்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, மகன், டிவி மெக்கானிக் ஆகிய நால்வர். மகள் இல்லை. சொல் கேளாமல் செய்தி வாசிக்கப் போனவளின் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று அப்பா சொல்லி ஓராண்டாகியிருந்தது.

"அப்பா கடையிலேருந்து வந்து பாக்க, தினமும் விவாதம் பதிவு பண்றோம். ஆரம்பம் விட்டுப்போயிடுது. கடைசியில தங்கச்சி வாசிக்கிற செய்தி வந்து ஒட்டிக்குது," என்றான் மகன்.

மெக்கானிக் ரெக்கார்டரைப் பார்த்தார். "கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால இருக்கு. அதான் தாமதமா ஆரம்பிச்சு தாமதமா முடியுது. பழுதில்ல, யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

மகன் அம்மாவைப் பார்த்தான். "கில்லாடிம்மா நீ."

"எனக்கு ரிமோட்ல சத்தம் கூட்டவே தெரியாதுடா."

மெக்கானிக் கடிகாரத்தைத் திருத்தப் போனார்.

"கைய எடுங்க," என்றார் அப்பா. "மெனக்கெட்டு வச்சிருக்கேன்."

அம்மா போனில் மகளின் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினாள். "இனிமே பெட்டிய ஏமாத்த வேண்டாம். நேராவே கூப்பிடுங்க."

அப்பா வாங்கிக்கொண்டார்.

மகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பியதாக உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. தெருமுனை வரை போய் அவள் பெட்டியைத் தூக்கி வந்தவர் அப்பா.