எதிரே எதுவும் வராது

"டோக்கனத் திருடின ஆளு இந்த ரூம்லதான் இருக்காரு" என்றார் சங்கச் செயலாளர். அவர் கண் கம்பெனி மேனேஜரின் கைப்பெட்டி மேலேயே இருந்தது.

"பெட்டியத் தொறந்து காட்டறேன். நீங்க உங்க கோட்டுப் பையக் காட்டுங்க" என்றார் மேனேஜர்.

மலையேறும் அந்தக் குட்டி ரயிலுக்கு வயது நூற்றுப்பத்து. அதை ஓட்டும் உரிமை யாருக்கு என்று பழைய ரயில் ஆர்வலர் சங்கமும், புதிதாய் வந்த கம்பெனியும் பத்து மாதமாக மல்லுக்கு நின்றன. சண்டையில் ஒரு வண்டியும் ஓடவில்லை. இன்று சீசனின் முதல் நாள். சங்கத்தின் வண்டி இங்கே அடிவாரத்தில், கம்பெனியின் வண்டி உச்சியில். இரண்டிலும் பயணிகள் குழந்தை குட்டிகளோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. இரண்டும் பதினோரு மணிக்குக் கிளம்பப் போகின்றன.

தடம் மட்டும் ஒன்றுதான்.

"ரெண்டும் கெளம்பினா நடுச் சுரங்கத்துல மோதிக்கும் சார்" என்றாள் ஸ்டேஷன் மாஸ்டரம்மா. அரை மணி நேரமாக இதையேதான் சொல்கிறாள். காதில் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

"மோதாது. அவங்க நிறுத்திடுவாங்க" என்றார் செயலாளர்.

"நாங்க எதுக்கு நிறுத்தணும்?" என்றார் மேனேஜர்.

ஒற்றைத் தடத்துக்கு ஒரே டோக்கன் என்பது அங்கே விதி. பெரிய இரும்பு வளையம், அதன் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் எண் பொறித்த பித்தளைத் தகடு. அது தோளில் தொங்கினால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். அதுதான் பத்து மாதமாகக் காணவில்லை. அதனால் பெரிய மனிதர்கள் இருவரும் ஆளுக்கொரு காகிதத்தில் தங்கள் டிரைவருக்குத் தாங்களே அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"கடைசியா அத வாங்கிட்டுப் போனது உங்க வீட்டுக்காரர்தானேம்மா?" என்றார் செயலாளர்.

அவள் தலையசைத்தாள். முப்பது வருஷம் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவர். பத்து மாதத்துக்கு முன் ஒருநாள் மலையிறங்கும்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறது. பிளாட்பாரத்துக்கு இருபதடி முன்னால் வண்டியை அலுங்காமல் நிறுத்திவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். டோக்கனை ஒப்படைக்காமல் அவர் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. அன்றுதான் போனார், நாலு பேர் தோளில்.

"இது தோள்ல இருக்கறவரைக்கும் எதிர்ல எதுவும் வராது" என்று வாய்க்கு வாய் சொல்வார். அவளுக்கு அது காதிலேயே இருந்தது.

"யாரும் திருடல சார். தேடாதீங்க, கெடைக்காது" என்றாள்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. மேனேஜர் உச்சி ஸ்டேஷனில் காத்திருந்த தன் டிரைவருக்குப் போன் போட்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் ஜன்னல் வழியாகத் தன் டிரைவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் சிவப்புக் கொடியைக் கையில் எடுத்தாள். இந்தச் சிவப்புக் கொடியை இன்று யார் மதிக்கப் போகிறார்கள்?

அப்போது வெளியே 'டங்' என்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு மாட்டுகிற சத்தம்.

மூவரும் வெளியே ஓடினார்கள். பிளாட்பாரத்தின் கோடியில், வந்து சேரும் டிரைவர் டோக்கனை மாட்டும் கம்பத்தில், வளையம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆளில்லை. தோல் பையெல்லாம் ஈரச் செம்மண்.

"பாத்தீங்களா? கடைசி நேரத்துல பயந்துபோய் ஆள் விட்டு மாட்டிட்டாங்க" என்றார் செயலாளர்.

"நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்றீங்க" என்றார் மேனேஜர்.

அவள் பித்தளையை எடுத்துச் சட்டைக் கையால் துடைத்தாள். அதே ஏழாம் எண். உள்ளே ஓடிப்போய், மேஜைமேல் கிடந்த ரிசீவரை எடுத்தாள். "டோக்கன் கீழ இருக்கு. கெளம்பாதீங்க."

"கெடைச்சிடுச்சா? அப்ப ஒரு அடி நகர மாட்டேன் மேடம்" என்றார் உச்சியிலிருந்த டிரைவர். அவர் தன் மேனேஜரைக் கேட்கவில்லை. இங்கே சங்கத்தின் டிரைவரும் வளையத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, செயலாளர் கொடுத்த காகிதத்தை எஞ்சின் அடுப்பில் போட்டார்.

வண்டி போனதும் அவள் பழைய பதிவேட்டைப் பிரித்தாள். அவர் கடைசியாக வண்டி ஓட்டிய தேதிக்கு நேரே, வந்து சேர்ந்த நேரம் எழுதும் கட்டம் பத்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதில் பத்து ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

மேனேஜருக்கு ஏதோ உறைத்தது. "உண்மையச் சொல்லுங்க மேடம். அன்னிக்கு டோக்கன எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

பத்து மாதத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே பக்கம் நின்று முறைத்தார்கள்.

"எங்கள இப்படி அடிச்சுக்க விட்டுட்டு... சரி, இப்ப நீங்க எங்ககூட உள்ளதானே இருந்தீங்க? யாரு கொண்டாந்து மாட்டினது? அத யார்கிட்டக் குடுத்து வச்சிருந்தீங்க?" என்றார் செயலாளர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தாள்.

"அவர்கிட்டதான் சார். தோள்ல மாட்டித்தான் புதைச்சேன்."