மாமாவின் காந்தப் பாய்

"பொய் சொல்லாதீங்க மாமா. ராத்திரி தூங்கினீங்களா, இல்லையா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேம்மா. பக்கத்துல இடி விழுந்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்காது."

மருமகள் தேநீர்க் கோப்பையை நீட்டியபடி மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருமை அப்படியேதான் இருந்தது. வயசானால் இருக்கத்தான் செய்யும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. அதனால் வீட்டில் பெரும்பாலும் இவர்கள் இரண்டு பேர்தான். மாமியார் இறந்துபோனபோது மாமாவின் தூக்கமும் கூடவே போய்விட்டது. ராத்திரியெல்லாம் கூடத்தில் நடப்பார். சரக், சரக் என்று செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், பக்கத்து அறையில் இவளும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருப்பாள். விடிந்தால் ஸ்டீயரிங் காத்திருக்கும்.

ஒருநாள் சிக்னலில் பஸ் நின்றபோது அப்படியே கண் அசந்துவிட்டாள். பின்னால் ஹாரன் அலறிய பிறகுதான் விழித்தாள். டிப்போ மேலாளர் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை வண்டியில ஏத்த மாட்டேன். பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்க உசிரும்மா அது."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பஸ் அவளுக்கு வெறும் வேலை இல்லை, உயிர். அதை விட்டுவிட்டு ஆபீஸில் உட்கார்ந்து டிக்கெட் கட்டு எண்ணுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகுதான் காந்தப் பாய் வாங்கினாள். மெத்தைக்கு அடியில் விரித்துவிட்டால் மெல்லிய மின்காந்தத் துடிப்பு உடம்புக்குள் போகுமாம், தூக்கம் வருமாம், அசதி தீருமாம். நேரம் வைத்துவிட்டால் தானாக ஓடி, தானாக நின்றுவிடும். டிப்போவில் எல்லோரும் சிரித்தார்கள். "பார்த்துக்கோ, காலையில உன் மாமனார் முதுகுல சாவிக்கொத்து ஒட்டிக்கிட்டு வரப்போகுது" என்றார் கண்டக்டர்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். பாய் வந்த மறுநாளே செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. மாமா தூங்குகிறார் என்ற நிம்மதியில் இவளுக்கும் தூக்கம் வந்தது. தலையணையில் தலை வைப்பதுதான் தெரியும். பல நாள் இடுப்புப் பிடிப்புகூட விட்டுப்போனது.

"இன்னிக்கு அந்தப் பாய் கம்பெனிக்காரர் சர்வீஸுக்கு வர்றார் மாமா. போன் பண்ணினார்."

மாமா குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னிக்கா? உனக்கு டூட்டி இருக்கே."

"லீவு மாமா. நேத்தே சொன்னேனே."

"நல்லாத்தானே ஓடுது. சும்மா கிடக்கிற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்? நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சட்டைப் பையில் போன் வைக்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

"விடுங்க மாமா, பாவம், கிளம்பியிருப்பார்."

மாமா முணுமுணுத்துக்கொண்டே படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு துவைக்கப் போனார். பாய் வந்ததிலிருந்து இரண்டு அறைக்கும் விரிப்பு மாற்றுவது, கட்டிலடியில் பெருக்குவது எல்லாம் அவர் பொறுப்புதான். அவளை எதையும் தொடவே விடுவதில்லை. 'நாளெல்லாம் அவ்வளவு பெரிய வண்டியை வளைக்கிறே. வீட்டுலயாவது குனியாம இரு' என்பார்.

அழைப்பு மணி அடித்தது. கம்பெனிக்காரர் கையில் பெட்டியோடு உள்ளே வந்தார். வணக்கம் சொல்லிவிட்டு, வழி தெரிந்தவர் போல நேராக அவள் அறைக்குள் நுழைந்தார்.

"அது என் ரூமுங்க. மாமா கட்டில் இந்தப் பக்கம்."

"தெரியும் மேடம். பாய் இங்கதானே இருக்கு? போன தடவை நான்தான் வந்து மாத்திப் போட்டேன்."

மெத்தையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். மாமாவுக்காக அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய அதே நீலப் பாய், அவள் கட்டிலில் விரிந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"எதுக்குங்க மாத்தினீங்க?"

"பாய் வந்த அன்னிக்கே சார் போன் பண்ணிட்டாரு மேடம். இதயம் ஒழுங்கா துடிக்கறதுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்க இதுல படுக்கவே கூடாது. திருப்பி எடுத்துக்கறோம்னு சொன்னேன். 'வேண்டாம்ப்பா, என் மருமக ஆசையா வாங்கினது, அவ மனசு நொந்துடும். பஸ்ஸுல அடிவாங்கற இடுப்பு அவளோடதுதான், அவ கட்டில்ல போட்டுடு'ன்னாரு. உங்ககிட்ட அவரே சொல்லிடறேன்னாரே, சொல்லலையா?"

மாமாவின் நெஞ்சில் அந்தக் கருவியை வைத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் அவள்தான். தூக்கம், தூக்கம் என்று அலைந்ததில் அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

திரும்பினாள். ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா வாசற்படியில் நின்றிருந்தார்.

"அப்போ இத்தனை நாளா நீங்க தூங்கவே இல்லையா மாமா? செருப்புச் சத்தமே கேக்கலையே."

மாமா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"வெறுங்காலோட நடக்கறேம்மா. உன் குறட்டை கேக்கற வரைக்கும்தான், அது கேட்டுட்டா எனக்கும் தூக்கம் வந்துடுது."