பைக்குள் அடங்குகிற கீபோர்டு

நாலாவது கீபோர்டையும் பள்ளிக்கூடப் பைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் மேல்வீட்டுக்காரர்.

ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது.

பக்கத்தில் அவர் மனைவி. இருவருக்கும் நடுவே சரியாக ஓர் ஆள் நிற்கிற இடைவெளி. அந்த இடைவெளிக்குள்தான் கடைக்காரர் தலையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் சார்ஜர் வாங்க வந்தேன். வீட்டில் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து மாதமாகத் தனித்தனியாக இருக்கிறவர்கள் ஒரே கடைக்குள் ஒன்றாக நுழைவதைப் பார்த்த பிறகும் பேசாமல் நடந்து போக நான் என்ன கல்லா?

அவர் லிப்ட் மெக்கானிக். என் தலைக்கு மேல் குடியிருக்கிறார். அவள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளை டைப் அடிக்கிறவள். மூன்று தெரு தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் போனாள் என்பதற்குத் தெருவில் ஏழு காரணம் சொல்கிறார்கள். அதில் மூன்று நான் சொன்னது.

பெண்ணுக்குப் பதிமூன்று வயது. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. அம்மாவைப் போல விடாமல் தட்டுவாள். ஏதோ கதை எழுதுகிறாளாம். அப்பாவைப் போல கேமும் ஆடுவாள். இரண்டு பேர் வியாதியும் ஒரே உடம்பில்.

கம்ப்யூட்டர் இரண்டு வீட்டிலும் உண்டு. ஆனால் விரல் பழகின கீபோர்டு இல்லாமல் அவளுக்கு ஓடாது. அதனால் சனிக்கிழமைதோறும் புத்தகப் பையோடு அதுவும் வீடு மாறும். பழையது நல்ல நீளம். பைக்கு வெளியே அகப்பை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். போன சனிக்கிழமை மாடிப்படியில் நழுவி விழுந்து, பொத்தானெல்லாம் என் வாசலில் சிதறிவிட்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அழாமல் வாங்கிக்கொண்டாள். அழுதுதொலைத்திருக்கலாம்.

"அப்ப இந்த சைஸ்தான் சார்," என்று கடைக்காரர் ஐந்தாவதை எடுத்து வைத்தார். "ஓரத்துல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் வெட்டிட்டான். மெக்கானிக்கல்தான். பொத்தானுக்கு அடியில இருக்கிற சுவிட்ச் கலர் மட்டும் சொல்லுங்க. நீலம் கடகடன்னு கத்தும். சிவப்பு அடக்க ஒடுக்கம். பழுப்பு ரெண்டுங்கெட்டான்."

அவள் பத்து விரலையும் அதன் மேல் வைத்தாள்.

"அம்புக்குறியக் காணோமே?" கீபோர்டைப் பார்த்துத்தான் கேட்டாள், அவரை அல்ல.

அவரும் கீபோர்டுக்கே பதில் சொன்னார். "கேமுக்கு அது தேவைப்படாது."

"கதைக்குத் தேவைப்படும். எழுதினதுல தப்பு இருந்தா பின்னால போய்த் திருத்தணும்ல?"

அவர் ஐந்தாவதைத் தள்ளி வைத்தார்.

ஆறாவதில் அம்புக்குறி இருந்தது. கையகலச் சாமான். மேல்வீட்டுக்காரர் பைக்குள் விட்டார். குழந்தை தொட்டிலுக்குள் போவது மாதிரி போய்ப் படுத்துக்கொண்டது. ஜிப் கடைசிவரை ஓடியது.

தேடினது கிடைத்தால் மனுஷனுக்கு முகம் மலரவேண்டும். இவர்கள் இரண்டு பேரும் அந்தப் பையை, ரயில் ஏறப்போகிற ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைக்காரருக்கு அதற்குள் கதை பிடிபட்டுவிட்டது.

"எதுக்கு சார் இந்தப் பாடு? ரெண்டா வாங்கிடுங்க. அந்த வீட்டுல ஒண்ணு, இந்த வீட்டுல ஒண்ணு. பாப்பா பாட்டுக்குக் கைய வீசிட்டுப் போகும்."

நியாயமான யோசனை. நானே நினைத்திருந்தேன். ஆனால் ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் அதன் அர்த்தம் உறைத்தது. ஆளுக்கொன்று வாங்கிவிட்டால் அது முடிந்த மாதிரிதான். அப்புறம் இரண்டு வீடு இரண்டு வீடாகவே இருந்துவிடும்.

"ரெண்டு வேணாம்," என்றார் அவர். பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே படுத்திருந்த சின்னதை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு மேல் தட்டில் இருந்த பெரிய பெட்டியைக் காட்டினாள். நம்பர், அம்புக்குறி, ஒன்று விடாமல் எல்லாம் இருக்கிற முழு நீளக் கீபோர்டு.

"அத எடுங்க. நீலமா இருக்கட்டும்."

"மேடம், இது பையில போகாதே!"

"போக வேணாம். ஒரே இடத்துல இருக்கட்டும்."

கடைக்காரர் பில் போட ஆரம்பித்துவிட்டார். மேல்வீட்டுக்காரரோ கீபோர்டின் ஒயரைக் கையில் பிடித்து, லிப்ட் கம்பியைச் சோதிப்பது மாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று கேட்கவேண்டும். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். ஐந்து மாதமாகக் கேட்காத மனுஷன் இன்றைக்கா கேட்டுவிடப் போகிறார்?

எனக்குத்தான் தாங்கவில்லை.

"எந்த வீட்டுலம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

மூன்று தலையும் என் பக்கம் திரும்பின. கையிலிருந்த சார்ஜரை உயர்த்திக் காட்டினேன், கோர்ட்டில் சாட்சிப் பொருள் காட்டுவது மாதிரி.

அவள் முறைப்பாள் என்று நினைத்தேன். முறைக்கவில்லை. பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். நடுவிலிருந்த ஓர் ஆள் இடைவெளியை அந்தப் பெட்டியே அடைத்துக்கொண்டது.

"நீலம்க்கா, நல்லா சத்தம் போடும். உங்க தலைக்கு மேல கேட்டா தெரிஞ்சுக்கோங்க."

இப்போது என் வீட்டில் டீவியை அணைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே நாற்காலி ஒன்று இழுபட்டது. செருப்புச் சத்தம் மூன்று ஜோடியா, இரண்டா என்று சரியாகப் பிடிபடவில்லை.

தட்டுகிற சத்தம் இன்னும் வரவில்லை.

வரும். பெட்டியைப் பிரிக்கவே நேரம் ஆகுமே.